நாலாவது கியரில் மட்டும் அடங்கிய சத்தம்: ஒரு பழைய பிக்கப்பின் கியர் பாக்ஸ் ஆய்வு

போன மார்கழியில் அக்கா மகன் போன் செய்தான். கணியம்பாடிக்காரன். ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் வாங்கி வேலூர் மண்டியில் இறக்குகிறான். அதுவரை வாடகை வண்டியில் காலம் தள்ளியவன், சொந்தமாக ஒரு பிக்கப் வாங்க முடிவு செய்திருந்தான்.

"மாமா, வாலாஜாவுல ஒரு வண்டி கீது. 2006 மாடல். ரெண்டு பதினஞ்சு சொல்றாங்க. இன்ஜின் நல்லா கீதுன்னு மெக்கானிக் பார்த்து சொல்லிட்டாரு. கியர் பாக்ஸ மட்டும் நீங்க ஒருவாட்டி வந்து பார்த்துட்டீங்கன்னா எடுத்துக்கலாம்."

வேலூரில் 22 வருஷமாகக் கியர் பாக்ஸ் வேலை மட்டும்தான் பார்க்கிறேன். பழைய பிக்கப் வாங்க வருகிறவர்கள் இன்ஜினைப் பற்றி ஆயிரம் கேட்பார்கள். புகை வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா, ஆயில் குடிக்கிறதா என்று துருவுவார்கள். கியர் பாக்ஸைப் பற்றிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "கியர் சரியா விழுதா?" விழுந்தால் அட்வான்ஸ் கை மாறிவிடும். இந்த வண்டியில் ஐந்து கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன. அப்படி இருந்தும் உள்ளே ஒரு பேரிங் செத்துக்கொண்டிருந்தது; அந்தக் கியர் பெட்டியே இந்த வண்டியின் பெட்டி இல்லை. அதை எப்படிக் கண்டுபிடித்தோம், என் கணிப்பு எங்கே தப்பியது, என்ன செலவானது என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். வண்டி எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. வந்த கோளாறு எதுவும் கம்பெனியில் வந்ததல்ல, கைமாறிய இடங்களில் வந்தது.

காலை ஆறரை மணி

புரோக்கர் ஆறரை மணிக்கே வரச் சொன்னார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி ராத்திரி முழுக்க வெளியில் நின்று சில்லென்று இருந்தது. அவரே ஓட்டிக் காட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் அவருடைய இடது காலைப் பார்த்தேன்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கிளட்சை ஒரு முறை மிதித்து, நியூட்ரலில் விட்டு, ஆக்சிலேட்டரை லேசாக ஒரு தட்டு தட்டி, மறுபடி மிதித்து, அப்புறம்தான் இரண்டில் போட்டார். டபுள் கிளட்ச். பழைய லாரி டிரைவர்களுக்குக் கை கால் எல்லாம் அப்படியே பழகியிருக்கும். அதில் அவர் ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. கியர் மாறும்போது சுற்றும் பாகங்களின் வேகத்தை உரசிச் சமப்படுத்தும் வளையம்தான் சிங்க்ரோ ரிங். ஆனால் அப்படி ஓட்டினால் அந்த ரிங் தேய்ந்து வழுவழு என்று போயிருந்தாலும் கியர் கடிக்காது. ரிங் செய்ய வேண்டிய வேலையை டிரைவரின் கால் செய்துவிடுகிறது.

காதுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நியூட்ரலில் அமைதி, ஓட்டத்திலும் அமைதி. 2006 மாடல் வண்டி, லோடு அடித்த வண்டி, இவ்வளவு அமைதியாக இருந்தது எனக்கு உறுத்தியது. கியர் பாக்ஸ் ஆயில் குளிரில் கெட்டியாக இருக்கும். கெட்டியான ஆயில் பேரிங்குக்கும் பல்லுக்கும் இடையில் மெத்தை போட்ட மாதிரி நின்று சத்தத்தை அமுக்கிவிடும். அதனால் காலையில் கேட்ட அமைதியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

எந்தப் பெட்டி இது?

ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் எனக்கு வேறு ஒரு வேலை இருந்தது. ஆர்.சி. புக்கில் இன்ஜின் நம்பர் இருக்கும், சேஸிஸ் நம்பர் இருக்கும். கியர் பாக்ஸ் நம்பர் இருக்காது. இருபது வருஷ வண்டியில் எந்தப் பெட்டி வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம், எந்த ஆபீஸிலும் அது பதிவாகி இருக்காது. அதனால் பெட்டியை அடையாளம் கண்டுகொள்ளாமல் அதன் ஆரோக்கியத்தைப் பேச முடியாது.

இந்தப் பழக்கம் எனக்கு ஜீப்பிலிருந்து வந்தது. நான் தொழில் கற்ற பட்டறையில் பழைய மஹிந்திரா ஜீப்புகள் நிறைய வரும். வில்லிஸ் வழி வந்த டி-90 பெட்டியில் மூன்றே கியர். முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் அதில் போட வேண்டும். ரிவர்ஸ் இடப்பக்கம் மேலே, ஒன்று அதற்கு நேர் கீழே. அப்புறம் நாலு கியர் கே.எம்.டி.90 வந்தது, பெஜோ வழி வந்த ஐந்து கியர் பி.ஏ.10 வந்தது. ஒரே முகம் உள்ள ஜீப்பின் வயிற்றில் இதில் எது இருக்கிறது என்று கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவின் பழைய பிக்கப்புகளிலும் இதே கதைதான். அங்கே ஷெவர்லே லாரிகளில் வந்த எஸ்.எம்.465 என்ற இரும்புப் பெட்டிக்கு நாலு கியர், முதல் கியரின் விகிதம் 6.55, அதாவது பெட்டியின் பின்பக்கம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 6.55 சுற்று சுற்ற வேண்டும். காலி வண்டியை இரண்டாவதில்தான் எடுப்பார்கள். முதல் கியர் பாரத்துக்கும் ஏற்றத்துக்கும் மட்டும். பெட்டியின் பக்கவாட்டில் ஆறு போல்ட் போட்ட மூடி இருக்கும். பம்பு, வின்ச் ஓட்டுவதற்கான வாசல் அது. வெளியில் தெரியும் இப்படிப்பட்ட அடையாளங்களைச் சேர்த்து வைத்துத்தான் எந்தப் பெட்டி என்று சொல்கிறார்கள்.

நம் வண்டிக்கு வருகிறேன். கியர் குமிழியில் வரைந்திருந்த படத்தில் ரிவர்ஸ் வலது கீழ் மூலையில், ஐந்தாவது கியருக்கு நேர் கீழே இருந்தது. கையால் போட்டுப் பார்த்தால் ரிவர்ஸ் இடப்பக்கம் மேலே விழுந்தது. குமிழியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் இதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ரப்பர் பூட்டைத் தூக்கிப் பார்த்தேன். தரைத் தகட்டில் லீவர் வரும் ஓட்டை கம்பெனி அச்சில் வெட்டியதல்ல. ஒரு பக்கம் கேஸ் கட்டர் வைத்து அறுத்து, முனையைக்கூடத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். சரி, இரண்டு சாட்சி ஆயிற்று.

வண்டிக்கு அடியில் போனேன். பெட்டியின் மேல் ஒரு விரல் கனத்துக்கு மண்ணும் ஆயிலும் சேர்ந்து அப்பியிருந்தது. அப்படி இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஸ்டீம் வாஷ் அடித்துப் பளபளவென்று வைத்த பெட்டியில் ஒழுகல் எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி, டீசல் துணியால் துடைத்தேன். நம்பர் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் ஓட்டைதான் மிச்சம். ஆனால் அலுமினிய வார்ப்பிலேயே ஒரு சின்ன வட்டம் புடைத்துத் தெரிந்தது. ஐம்பது பைசா அகலம்தான் இருக்கும். நடுவில் 11 என்று எழுத்து, சுற்றிலும் மாதத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள். வார்ப்பு அச்சில் வருஷத்தையும் மாதத்தையும் குறிக்கிற கடிகாரம் அது. 2006 மாடல் வண்டியில் 2011இல் வார்த்த பெட்டி.

அப்புறம் ஜாயிண்ட் ஷாஃப்ட், பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் குழாய். முன்பக்கக் குழாயில் வளையமாக ஒரு வெல்டிங் ஓடியிருந்தது. கம்பெனி வெல்டிங் முனையில்தான் இருக்கும். இது குழாயின் நடுவில், கையால் அடித்த வெல்டிங். வேறு நீளமுள்ள பெட்டியை உள்ளே வைத்ததால் ஷாஃப்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

அதே கம்பெனி, அதே தலைமுறைப் பெட்டிதான். ஆனால் ஆள் ஏற்றும் ஜீப் வகைக்கு வந்ததா, பாரம் ஏற்றும் பிக்கப்புக்கு வந்ததா? வெளித்தோற்றம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று. வித்தியாசம் உள்ளே பல்லின் எண்ணிக்கையில் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்காமல் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழிதான்: எண்ணுவது.

சாவியை எடுத்து அக்கா மகன் பையில் போடச் சொன்னேன். முன் சக்கரங்களுக்கும் இடது பின் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, வலது பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். முன்னால் இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லியில் ஒரு சாக்பீஸ் கோடு, அடியில் ஜாயிண்ட் ஷாஃப்டில் ஒரு கோடு. முதல் கியரில் போட்டு, புல்லி போல்ட்டில் நீளக் கம்பி கொடுத்த ஸ்பேனரை மாட்டி, அவனை மெதுவாகச் சுற்ற வைத்தேன். டீசல் இன்ஜினைக் கையால் சுற்றுவது லேசான வேலையல்ல. ஒவ்வொரு கம்ப்ரஷனிலும் அப்படியே அழுத்திப் பிடித்து, காற்று கசிந்து இளகும் வரை பொறுக்க வேண்டும். நான் அடியில் படுத்து ஷாஃப்டின் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாஃப்ட் ஐந்து சுற்று முடிக்கும்போது அவன் மேலே பத்தொன்பது எண்ணியிருந்தான். பத்தொன்பதை ஐந்தால் வகுத்தால் 3.8.

இந்த மாடல் பிக்கப்புக்கு முதல் கியர் 4.3 இருக்க வேண்டும். ஆகவே இது ஜீப் பெட்டி. முதல் கியரில் சக்கரத்துக்குப் போகும் இழுவை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறைந்துபோகிறது. சமதரையில் அது தெரியவே தெரியாது. போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலை ரோட்டில், ஒரு டன் புளியோடு வளைவில் நிறுத்தி எடுக்கும்போது தெரியும். இழுவை போதாததை டிரைவர் கிளட்சை நழுவ விட்டுத்தான் ஈடுகட்டுவார், பிளேட் கருகும். முந்தின ஓனர் இரண்டு வருஷத்தில் இரண்டு பிளேட் மாற்றியதாகப் புரோக்கரே பேச்சுவாக்கில் சொன்னார். வண்டிக்குப் புது கிளட்ச் போட்டிருக்கிறது என்று பெருமையாகச் சொன்ன விஷயம் அது.

ஜாக்கியை இறக்குவதற்கு முன் நாலாவது கியரில் போட்டு அதே மாதிரி எண்ணினோம். ஐந்துக்கு ஐந்து. அதாவது நாலாவதுதான் நேர் கியர். இந்த ஒரு விவரத்துக்காகத்தான் முதலில் பெட்டியை அடையாளம் காண வேண்டும் என்கிறேன். அடுத்து வரும் சோதனை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

சூடேறிய பிறகு

இந்த மாதிரிப் பெட்டியில் மூன்று ஷாஃப்ட். இன்ஜினிலிருந்து வரும் டாப் ஷாஃப்ட், அதற்கு நேர்க்கோட்டில் பின்னால் போகும் மெயின் ஷாஃப்ட், இரண்டுக்கும் கீழே படுத்திருக்கும் கவுண்டர் ஷாஃப்ட். மற்ற கியர்களில் விசை டாப் ஷாஃப்டிலிருந்து கீழே கவுண்டருக்கு இறங்கி, மறுபடி மெயினுக்கு ஏறும். நேர் கியரில் மட்டும் டாப்பும் மெயினும் ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். கவுண்டர் ஷாஃப்ட் சுற்றும், ஆனால் சுமை இருக்காது. தோளில் மூட்டை இல்லாமல் கூடவே நடந்து வருகிற ஆள் மாதிரி. அதனால் எல்லாக் கியரிலும் கேட்கிற சத்தம் நேர் கியரில் மட்டும் அடங்கினால், நோவு கவுண்டர் பக்கம் என்று அர்த்தம். டி-90இல் நேர் கியர் மூன்றாவது, எஸ்.எம்.465இல் நாலாவது. ஐந்தாவதே நேர் கியராக வரும் பெட்டிகளும் உண்டு. எது என்று தெரியாமல் காதை வைத்தால் தப்பான ஷாஃப்டைக் குறை சொல்லிவிடுவோம். முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் பெட்டி அமைப்பே வேறு, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

புரோக்கரிடம் வண்டியை ஒரு மணி நேரம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "கூட வாங்கண்ணே, டீசல் நாங்க போடறோம்" என்றதும் ஏறிக்கொண்டார். நாற்பத்தெட்டாம் நம்பர் நெடுஞ்சாலையில் வேலூர் வந்து, பள்ளிகொண்டா பக்கம் போய்த் திரும்பினோம். அரை மணி வரை ஒன்றுமில்லை. நாற்பது நிமிஷம் தாண்டி, பெட்டியின் சூடு லீவர் பூட் வழியாகக் காலுக்குத் தெரியத் தொடங்கியபோது மூன்றாவது கியரில் ஓர் உறுமல் எழுந்தது. வேகம் ஏறினால் அதுவும் ஏறியது. இரண்டில் போட்டேன், இருந்தது. ஐந்தில் போட்டேன், அப்போதும் இருந்தது. நாலில் போட்டேன், கதவைச் சாத்திய மாதிரி அடங்கியது. மறுபடி ஐந்து, மறுபடி நாலு. பின் சீட்டிலிருந்த அக்கா மகனுக்கே புரிந்துவிட்டது. "நாலுல மட்டும் இன்னா மாமா, சத்தமே காணோம்?" என்றான்.

ஓரம் கட்டி, இன்ஜினை ஓட விட்டு நியூட்ரலில் வைத்தேன். லேசான கரகரப்பு. கிளட்சை மிதித்ததும் நின்றது, விட்டதும் வந்தது. மிதிக்கும்போது சத்தம் வந்தால் அது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்றுபோவது பெட்டிக்குள் உள்ள பேரிங். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். டாப் ஷாஃப்ட் பேரிங் கெட்டிருந்தாலும் நேர் கியரில் சத்தம் கொஞ்சம் குறையும், ஏனென்றால் பல்லும் பல்லும் ஒன்றையொன்று தள்ளும் விசை அப்போது அதன் மேல் இருக்காது. முற்றிலும் அடங்கியதால் நான் கவுண்டர் என்று பக்கம் சாய்ந்தேன். இரண்டையும் தீர்மானமாகப் பிரித்துச் சொல்லப் பெட்டி கீழே இறங்கினால்தான் முடியும்.

அடுத்து சிங்க்ரோ. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு, ஒரே மிதியில், அவசரமாக. கர்ர் என்று கடித்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் கடித்தது. நாலிலிருந்து மூன்று சுத்தமாக விழுந்தது.

கடைசியாகக் காட்பாடி ரயில்வே மேம்பாலம். இறக்கத்தில் மூன்றாவதில் வைத்து, ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு, மிதித்து, விட்டு, மிதித்து இறங்கினேன். கியர் நழுவுவதாக இருந்தால் இப்படி விசை முன்னும் பின்னும் மாறும்போதுதான் லீவர் துள்ளி நியூட்ரலுக்கு வரும். இரண்டாவதிலும் செய்தேன். லீவர் நடுங்கியது, ஆனால் வெளியே வரவில்லை. நழுவவில்லை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நடுக்கத்தை எழுதவில்லை. அதை எழுதியிருக்க வேண்டும். காரணம் பின்னால் வருகிறது.

விரலில் ஒட்டிய ஆயில்

சூடாக இருக்கும்போதே மறுபடி அடியில் போய், பக்கவாட்டு லெவல் பிளக்கைக் கழற்றினேன். ஆயில் அந்த ஓட்டையின் விளிம்பு வரை நிற்க வேண்டும், நின்றது. சுண்டு விரலை உள்ளே விட்டுத் தொட்டு எடுத்தேன். அவ்வளவு சூட்டிலும் தேன்பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. முகர்ந்தால் கந்தக நாற்றம் குப்பென்று அடித்தது. பின் ஹவுசிங்குக்கு, அதாவது பின் அச்சின் நடுவில் உள்ள கிரவுன் பினியன் பற்சக்கரங்களுக்கு, ஊற்றும் 140 நம்பர் ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றியிருக்கிறார்கள். சத்தத்தை அமுக்க இது பழைய வைத்தியம். இதனால்தான் காலையில் பெட்டி வாயே திறக்கவில்லை.

இந்தப் பெட்டிக்குச் சொன்னது 80டபிள்யூ-90, ஜி.எல்.4 தரம். ஹவுசிங் ஆயில் ஜி.எல்.5. எண் பெரிது என்பதால் ஐந்து நல்லது என்று கடையில் கேட்டு வாங்கி ஊற்றுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். கிரவுன் பினியன் பற்களின் அழுத்தத்தைத் தாங்க அதில் கந்தகச் சேர்மானம் அதிகம். அது சூட்டில் பித்தளையை அரிக்கக்கூடியது. சிங்க்ரோ ரிங் பித்தளை. போதாததற்கு அந்த ஆயிலின் வழுக்கல், கியரின் கூம்பு முகமான கோனைப் பிடித்து நிறுத்த வேண்டிய ரிங்கை நழுவ விடுகிறது.

விரலை வெள்ளைக் காகிதத்தில் தடவி வெயிலில் பிடித்தேன். பொன்னிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது, பட்டுச் சேலை ஜரிகையை அரைத்துத் தூவிய மாதிரி. காகிதத்துக்கு அடியில் காந்தத்தை வைத்து இழுத்தேன். பொன்னிறப் பொடி அசையவில்லை. அது பித்தளை, ரிங்கிலிருந்து வந்தது. ஆனால் அதற்கிடையில் கறுப்பாக ஐந்தாறு துகள்கள் காந்தத்தின் பின்னால் ஓடின. அதில் இரண்டு தூள் இல்லை, செதில். நகத்தில் வைத்தால் முனை குத்தியது. மாவு மாதிரி இரும்பு எல்லாப் பெட்டியிலும் இருக்கும், அது தேய்மானம். செதில் வந்தால் ஏதோ ஒன்று உடைந்து உதிர்கிறது. பாலாக வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று பார்ப்பேன். இதில் அது இல்லை.

விலை பேசியது

புரோக்கரிடம் மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டினேன். காகிதத்தைக் கையில் கொடுத்தேன், வார்ப்பு வட்டத்தை டார்ச் அடித்துக் காட்டினேன். அவருக்குப் பெட்டி மாற்றியது தெரிந்திருக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். ஓனரிடம் போனில் பேசிவிட்டு வந்த முகம் அப்படி இருந்தது. 2,15,000 சொன்ன வண்டி 1,70,000க்கு முடிந்தது. இன்ஜின் உண்மையிலேயே நன்றாக இருந்தது, சேஸிஸில் துரு இல்லை. அதனால்தான் எடுக்கச் சொன்னேன். சேஸிஸில் கோளாறு இருந்திருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றிருப்பேன்.

பிரித்துப் பார்த்தது

அக்கா மகன் பொங்கல் முடிந்து வண்டியைப் பட்டறையில் விட்டான். பெட்டியை இறக்கி டேபிளில் வைத்தோம்.

கவுண்டர் ஷாஃப்டின் முன் பேரிங், சொன்னபடியே. உருளைகள் ஓடும் பாதையில் கால்வட்ட நீளத்துக்கு அம்மை வடு மாதிரி குழிகள். டாப் ஷாஃப்ட் பேரிங்கைக் கழுவி உலர்த்திக் கையில் சுற்றினேன், சத்தமில்லை, ஆட்டமுமில்லை. காது சரியாகத்தான் சொன்னது.

இரண்டாவது சிங்க்ரோ ரிங்கை அதன் கோனில் அழுத்தி, கியரின் நாய்ப்பல்லுக்கும் (கியர் விழும்போது கோத்துக்கொள்ளும் சின்னப் பற்கள்) ரிங்குக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டால் பார்த்தோம். புது ரிங் என்றால் இந்தப் பெட்டியில் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு நிற்கும். இதில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டது. ரிங்கின் உள்பக்கம் இருக்க வேண்டிய நுண்ணிய மரைக் கோடுகள் இருந்த இடமே தெரியவில்லை. கண்ணாடி மாதிரி வழித்துவிட்டிருந்தது.

என் கணிப்பு தப்பியது இதற்கு அடுத்த இடத்தில். ரிங் மட்டும்தான் போயிருக்கும், மாற்றினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். இரண்டாவது கியரின் நாய்ப்பற்களும் போயிருந்தன. கூர் முனை மழுங்கி, நாலு பல் பாதியாக உடைந்திருந்தது. காந்தத்தில் ஓடிய செதில் பேரிங்கிலிருந்து வந்ததல்ல, இங்கிருந்து வந்தது. மேம்பாலத்தில் லீவர் நடுங்கியதும் இதனால்தான்; பல் முழு ஆழத்துக்குக் கோத்துக்கொள்ளாமல் தத்தளித்திருக்கிறது. இன்னும் சில மாதம் போயிருந்தால் லோடோடு இறங்கும்போது நழுவியிருக்கும். மலை இறக்கத்தில் கியர் நழுவினால் என்ன ஆகும் என்று அவனிடம் விளக்கிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவனே பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான்.

கியர், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போட்டாலும் அது 3.8 பெட்டியாகவே இருக்கும். மலைக்குப் போகிற வண்டிக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். அந்தத் தெருக்களில் கிடைக்காத பெட்டி இல்லை, ஆனால் கேட்கிறவனுக்கு எது வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது நாள் விபத்து வண்டியிலிருந்து இறக்கிய ஒரு பிக்கப் பெட்டி கிடைத்தது. கிளட்சை மூடும் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங் உடைந்திருந்தது. அது தனியாகக் கழலும் பாகம், நம்முடையதைப் போட்டுக்கொள்ளலாம். கடை வாசலிலேயே தரையில் வைத்து, முதல் கியரில் போட்டு டாப் ஷாஃப்டைக் கையால் சுற்றினோம். பின்னால் பத்து சுற்றுக்கு முன்னால் நாற்பத்து மூன்று. கடைக்காரர் எண்ணி முடிக்கும் வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்படி எண்ணி வாங்கறவங்க குறைச்சல் சார்" என்றார். மேல் மூடியைத் திறக்க விட்டார். பற்களையும் ரிங்குகளையும் பார்த்துவிட்டு 14,000க்கு எடுத்தோம்.

பேரிங், சீல், ரிங் எல்லாம் புதுசு போட்டேன், பழைய இடத்தில் நன்றாக இருந்ததையும் சேர்த்து. ஜாயிண்ட் ஷாஃப்டின் வெல்டிங் குழாயை எறிந்துவிட்டுச் சரியான நீளத்துக்குப் புதுக் குழாய் போட்டு, லேத்தில் பாலன்ஸ் பார்த்தார் பக்கத்துப் பட்டறை பாய். தரை ஓட்டையையும் அவரே தகடு வைத்து அடைத்து, லீவர் வரவேண்டிய இடத்தில் ஒழுங்காகத் திறந்து கொடுத்தார். ஜி.எல்.4 ஆயில், லெவல் பிளக் விளிம்பு வரை. எல்லாம் சேர்த்து 31,400 ஆயிற்று. வண்டி விலையோடு கூட்டினால் 2,01,400. முதலில் கேட்ட விலைக்குள் அடங்கிவிட்டது. பழைய பெட்டியை "இரண்டாவது கியர் போயிடுச்சு, கவுண்டர் பேரிங் போயிடுச்சு, ஜீப் பெட்டி" என்று சாக்பீஸால் மேலேயே எழுதிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். யாராவது எடுத்தாலும் தெரிந்து எடுக்கட்டும்.

மாசி மாதம் புளி இறங்கத் தொடங்கியது. முதல் லோடுக்கு நானும் கூடப் போனேன். ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், ஏற்றத்தில் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கி நிற்க வேண்டி வந்தது. காலி சாக்கும் ஆறு ஆளும் மட்டும்தான் அப்போது பாரம், அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் ஒரு டன்னோடு இடையில் வந்த சின்ன ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தச் சொல்லி எடுக்கச் சொன்னேன். கிளட்சை ஒரே விடாக விட்டான், வண்டி நடந்தது. பிளேட் வாடை வரவில்லை. இறக்கம் முழுக்க இரண்டிலும் மூன்றிலும் வந்தோம். என் வலது கை லீவரின் மேலேயே இருந்தது, நடுக்கம் இல்லை.

ஆயிரம் கிலோமீட்டர் ஆனதும் வரச் சொல்லியிருந்தேன், வந்தான். லெவல் பிளக்கைத் திறந்து அதே மாதிரி விரலைத் தொட்டு வெள்ளைக் காகிதத்தில் தடவினோம். பொன்னிறம் இல்லை. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருந்தது, புது பேரிங் ஓடிப் பழகிய தூள்தான். விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தான். "குத்தலை மாமா" என்றான். ஆயிலை மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் பெயிண்ட் பேனாவால் பெட்டியின் மேல் எழுதி அனுப்பினேன்.